அரிதாக, சில நேரம், அடிக்கடி

இருபத்து மூன்றாம் டோக்கன். உள்ளே இருப்பது பத்தொன்பது. பதினேழாம் டோக்கன்காரர்கள் ஐம்பது நிமிடம் உள்ளே இருந்தார்கள், பதினெட்டு பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது, ஐம்பது நிமிடம் இருந்த பிள்ளைக்கு அறுபது சதவீதமாவது கிடைத்திருக்கும், அதன் அப்பா வெளியே வந்தபோது துண்டால் முகத்தைத் துடைத்த விதத்திலேயே அது தெரிந்துவிட்டது, கொடுத்துவைத்த மனுஷன் என்று நினைத்தார் அம்பலவாணன், நினைத்த கையோடு கூசிப்போனார். அடுத்தவர் பிள்ளைக்குக் குறை அதிகம் என்று வயிறு எரிகிற ஆள் இந்த ஜில்லாவில் வேறு யாரும் இருக்கமாட்டான். இருப்பான், ஏன் இருக்கமாட்டான், இந்த வராந்தாவிலேயே நாலு பேர் இருப்பார்கள், ஒருவர் கையிலிருக்கும் பைலை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு எத்தனை போட்டார்கள் என்று கல்யாண வீட்டில் சம்பளம் விசாரிக்கிற மாதிரி விசாரித்துக்கொண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையின் இந்த வராந்தாவில்தான் மாற்றுத்திறனாளிகளுக்கான மதிப்பீட்டு முகாம் நடக்கும். மற்ற இடங்களில் எண் குறைந்தால் அழுவார்கள் என்றால் இங்கேயும் அதே கதைதான், ஆனால் இங்கே எண் என்பது பிள்ளையால் எவ்வளவு முடியாது என்பதற்கான எண். பக்கத்தில் நப்பின்னை உட்கார்ந்து எதிர்ச் சுவரின் ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள், பதினாலு வயது, பள்ளிச் சீருடை, அவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம். அந்த இடைவெளியை விட்டு உட்காருவது அவள் வழக்கம். அம்பலவாணன் ஒரு அங்குலம் நகர்ந்தால் அவளும் ஒரு அங்குலம் நகர்வாள். முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேஜை போட்டு எத்தனையோ குடும்பங்களின் நான்கு எல்லைகளையும் பிசகில்லாமல் எழுதிக்கொடுத்தவர், தன் பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் கிடக்கும் இந்த ஒன்றரை அடி யாருக்குப் பாத்தியப்பட்டது என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

போன வருஷம் நப்பின்னைக்கு வந்த எண் அறுபத்தெட்டு. எழுபது வந்திருந்தால் நாற்பது சதவீதம், நாற்பது சதவீதம் இருந்தால் அட்டை, அட்டை இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. அறுபத்தெட்டு வந்தால் ஒன்றுமில்லை, அறுபத்தெட்டு என்றால் சர்க்கார் கணக்கில் நப்பின்னை சௌக்கியமாக இருக்கிறாள். சௌக்கியமாக இருக்கிற நப்பின்னை காலாண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்தில் இரண்டே விடை எழுதினாள். இரண்டும் அப்பழுக்கில்லாத விடை, ஒவ்வொரு எழுத்தையும் எழுதி, அழித்து, கோட்டில் சரியாக உட்காரும்வரை மறுபடி எழுதி, மணி அடித்தபோது மூன்றாவது கேள்வியின் எண்ணைப் போட்டிருந்தாள். தலைமையாசிரியை நல்லவர்தான், கார்டு இல்லாமல் எங்கள் கை கட்டிப்போட்ட மாதிரி சார், இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொண்டு வாருங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷம் பிள்ளை மற்றவர்களோடு மற்றவர்கள் மாதிரியே உட்கார்ந்து எழுதவேண்டியதுதான் என்றார். இன்று பதினாறு. அறுபத்தெட்டுக்கு யார் காரணம் என்பதை மனைவி பகவதி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, உங்கள யாரு அவள அவ்வளவு நல்ல பிள்ளையா சொல்லச் சொன்னது என்று. அதற்குப் பிறகு கேட்கவில்லை, கேட்காமலிருப்பதுதான் அதிகம் கேட்டது. இன்று அவள் வேலை பார்க்கும் மின்வாரிய அலுவலகத்தில் தணிக்கை, லீவு கிடையாது, போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே உள்ளதச் சொல்லுங்க போதும் என்றுவிட்டுப் போனாள். உள்ளதை. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி, அரிதாக என்றால் ஒன்று, சில நேரம் இரண்டு, அடிக்கடி மூன்று, பெரும்பாலும் நாலு, எப்போதும் ஐந்து. கண்ணைப் பார்த்துப் பேசுவதைத் தவிர்க்கிறாளா, போன வருஷம் அந்த உளவியல் அதிகாரி கேட்டார், வயதான மனிதர், தனக்குச் சட்டம் தெரியும் என்பதை முதல் இரண்டு நிமிடத்திலேயே அம்பலவாணன் அவருக்குத் தெரியப்படுத்தியிருந்தார். சட்டம் தெரிந்த ஒருவரின் மகள் கண்ணைப் பார்க்காமலா இருப்பாள், அரிதாக என்றார். தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளா, அரிதாக. சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாளா, அரிதாக, அதற்குள் வெளியே ஆம்புலன்ஸ் சைரன் போட, நப்பின்னை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போனாள், இன்று கொஞ்சம் பயந்திருக்கிறாள் என்று அவர் விளக்கம் வேறு சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பேசுகிற மாதிரி பேசியிருக்கிறோம் என்பது பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

சட்டம் அவருக்குத் தெரியும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வட்டார வள மையத்துக்கு வியாழக்கிழமைதோறும் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் நடுவில் அவருக்குப் பெயரே சட்டம் சார். இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷத்துச் சட்டத்தைத் தமிழில் ஒரு தரமும் ஆங்கிலத்தில் இரண்டு தரமும் படித்தவர், பழைய சட்டத்தில் ஏழாக இருந்த வகை புதியதில் இருபத்தொன்றாக ஆனதை வரிசை தப்பாமல் ஒப்பிப்பார், அந்த நாற்பது சதவீத வரம்புக்குச் சட்டம் வைத்த பெஞ்ச்மார்க் என்பதற்கு நல்ல தமிழ் இல்லையே என்று ஒரு வாரம் தூங்காமல் இருந்தார். நப்பின்னையின் வகையான ஆட்டிசத்துக்கு அரசு வைத்திருக்கும் தமிழ், புற உலகச் சிந்தனையற்றவர். அதைப் படித்த அன்று அவருக்கு வந்த கோபம் பிழை திருத்துகிறவனின் கோபம், எந்தப் புற உலகம், இந்த ஊர் வழியாகப் போகிற எல்லா பஸ்ஸின் எண்ணும் நேரமும் அவளுக்குத் தெரியும், புற உலகம்தான் அவளைப் பற்றிச் சிந்தனையற்று இருக்கிறது, இதை ஒரு கடிதமாகவே எழுதி ஆணையருக்கு அனுப்பினார், பதில் வரவில்லை. சிறப்பாசிரியர் வேறு, இயன்முறைப் பயிற்சியாளர் வேறு. தனிநபர் கல்வித் திட்டம் என்று ஒரு தாள் இருக்கவேண்டும், கேளுங்கள். சலுகை என்று சொல்லாதீர்கள், உரிமை என்று சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டிய எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிட்டது. அதிலும் சந்தனமாரிக்கு. படியேறி வருவது அவளா, அவளேதான், அந்தப் பச்சைச் சேலை, கையில் பால் பாக்கெட் வாங்குகிற வயர்கூடை, அதற்குள் அந்தப் பைல் இருக்கும், அதற்குள் அந்த அட்டை இருக்கும், மஞ்சள் பட்டை போட்ட அட்டை. பைலில் இருக்கும் விண்ணப்பம் இவர் கையெழுத்து, இவர் பேனா, இவர் கொடுத்த வெள்ளைத்தாள். பீடி சுற்றுகிற சந்தனமாரி, ஆட்டிசம் என்று வாயில் வராமல் ஆட்டிசன் என்கிற சந்தனமாரி, தேர்வு எழுதிக்கொடுக்க வரும் ஸ்கிரைபை ஸ்டிரைப்பர் என்று தலைமையாசிரியையிடமே கேட்டு வாங்கிவிட்ட சந்தனமாரி, உள்ளே போனாள், கேட்டதற்கெல்லாம் ஆமா சாமி ராத்திரி பகலா அதேதான் என்றாள், பன்னிரண்டு வயது மகள் முத்தரசிக்கு அறுபது சதவீதத்தோடு வெளியே வந்தாள். வந்து, சார் நீங்க எழுதின எழுத்து ராசி என்று ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாள். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆறு நாள் வைத்திருந்தார், கறுத்த பிறகு பகவதி எடுத்து வெளியே போட்டாள். பழம் சாப்பிட மாட்டீங்களே பிறகு எதுக்கு வாங்குனிய என்று கேட்டாள், சும்மா என்றார்.

"சார், இன்னும் கூப்பிடலயா?" என்றாள் சந்தனமாரி வந்த வேகத்திலேயே. "நான் ரயில் பாஸ் பாரத்துல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சுன்னு வந்தேன். அந்தக் கிளார்க்கு டீ குடிக்கப் போயிருக்காராம். அவரு டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள எங்க பிள்ளைக்குக் கல்யாண வயசு வந்துரும்."

"ரயில் பாஸ் இல்ல, கட்டணச் சலுகைச் சான்று," என்றார் அம்பலவாணன்.

"அதான், அதான். நீங்க என்ன சார் இப்படி வேர்த்துப்போய் இருக்கிய? உள்ள போய் உள்ளதச் சொல்லணும், அவ்வளவுதான. நம்ம பிள்ள செய்யாததயா சொல்லப்போறோம்?"

"எனக்குத் தெரியும்மா."

"தெரியும், உங்களுக்குத் தெரியாததா. ஆனாலும் ஆம்பளையளுக்குப் பிள்ளைய விட்டுக்கொடுத்துப் பேச வராது. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான், அவ பாட்டுப் படிப்பா பாட்டுப் படிப்பான்னு டாக்டர்கிட்ட பீத்திக்கிட்டு நின்னாரு. நீரு போய் டீ குடியும்னு வெளிய அனுப்பிட்டேன்."

அவர் சிரிக்கவேண்டிய இடம், சிரிக்கவில்லை, ஏனென்றால் அப்போதுதான் நப்பின்னை எழுந்தாள். ஓடுகளை எண்ணி முடித்திருக்கவேண்டும். எழுந்து, அவரைச் சுற்றிக்கொண்டு, அவர் காலில் படாமல், நேராகப் போய்ச் சந்தனமாரியின் மறுபக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் இடம் விடவில்லை. ஒரு விரல் நுழைய இடம் விடவில்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வயர்கூடையின் பின்னலைத் தடவிப் பார்த்து, பிறகு ஒருக்களித்துச் சாய்ந்து அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டாள், வா தாயி என்றதைத் தவிர சந்தனமாரி ஒன்றும் செய்யவில்லை, அவள் பாட்டுக்கு அந்தக் கிளார்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், பேசிக்கொண்டே இவள் காதோரம் ஒதுங்கிய முடியைச் செருகிவிட்டாள். அம்பலவாணனுக்கு வள மையத்து வியாழக்கிழமைகள் ஞாபகம் வந்தன, ஒரு வருஷத்து வியாழக்கிழமைகள், பயிற்சி முடிந்து பிள்ளைகள் வரும்வரை இவர் மேஜையில் யாருக்காவது மனு எழுதிக்கொண்டிருப்பார், நிமிர்ந்து பார்க்கும்போது நப்பின்னை சந்தனமாரி பக்கத்தில் இருப்பாள், பக்கத்தில்தானே இருக்கிறாள் என்று குனிந்துவிடுவார். எவ்வளவு பக்கத்தில் என்று அளக்கவில்லை. இவர் தொட்டால் சுடுதண்ணீர் பட்ட மாதிரி தோளைக் குலுக்குகிற பிள்ளை. மூன்று வயதில் காய்ச்சலில் கிடந்தபோது இவர் நெஞ்சில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், அது காய்ச்சல், அதைக் கணக்கில் சேர்க்கமுடியாது. பதினோரு வருஷமாக எத்தனை புத்தகம், எந்த வகைத் தொடுகை இவர்களுக்கு ஒத்துவரும், மெல்லத் தடவக்கூடாது, அழுத்திப் பிடிக்கவேண்டும், பின்னாலிருந்து வரக்கூடாது, எதிரே வந்து, சொல்லிவிட்டு, பிறகு. சொல்லிவிட்டுத்தான் தொடுவார், நப்பின்னை, அப்பா உன் கையைப் பிடிக்கப்போகிறேன், அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். சந்தனமாரி எந்தப் புத்தகம் படித்தாள், பீடிப் புகையிலை நாற்றம் அடிக்கும் அந்த மடி, வாசனை என்றால் வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு அது மட்டும் எப்படி ஒத்துப்போயிற்று. அறுபது சதவீதத்தையும் கொண்டுபோனாள், மஞ்சள் பட்டையையும் கொண்டுபோனாள், போகட்டும், அது அவள் பிள்ளைக்கு. இது என் பிள்ளை. நடுவில் மூன்று டோக்கன்கள் உள்ளே போய் வந்தன, பிறகு இருபத்து மூன்று என்று கூப்பிட்டார்கள்.

போன வருஷத்து மனிதர் மாற்றலாகியிருந்தார். மேஜைக்குப் பின்னால் இப்போது ஓர் இளம்பெண், கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை, பெயருக்குக் கீழே உளவியலாளர் என்று போட்டிருந்தது. இருபது நிமிடம் நப்பின்னையோடு இருந்தாள், பந்தை உருட்டினாள், படங்களைக் காட்டினாள், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், பிறகு பாப்பா கொஞ்சம் வெளியே இருக்கட்டும், நாம் பேசுவோம் என்றாள். வெளியே அனுப்பினால் எங்கே போவாள் என்பது அவருக்குத் தெரியும். கதவைச் சாத்தவில்லை, மின்விசிறி ஓடவில்லை என்பதால் திறந்தே கிடந்தது. அம்பலவாணன் இந்தத் தடவை சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாளா, பெரும்பாலும். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாளா, சில நேரம். வழக்கம் மாறினால் கலங்கிப்போகிறாளா, எப்போதும் என்றார், உள்ளதைச் சொல்வது என்பது பகவதி சொன்ன மாதிரி எளிதாக இல்லை, ஒவ்வொரு படி ஏறும்போதும் பிள்ளையை ஒரு படி கீழே தள்ளுகிற மாதிரி இருந்தது. எண்களோ ஏறுவதாகத் தெரியவில்லை. எதிரே இருப்பவர் மேஜையில் கிடக்கும் தாளைத் தலைகீழாகப் படிப்பது பத்திர எழுத்தருக்குக் கைவந்த வித்தை, அவள் பென்சிலால் எழுத எழுத இவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தார், பாதிக்கு மேல் ஒன்றுதான், ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. போன வருஷம் பொய் சொன்னோம் என்று ஒரு வருஷமாக நினைத்தோமே, அவ்வளவாகப் பொய் சொல்லவில்லையோ, பிள்ளை உண்மையிலேயே அந்த விளிம்பில்தான் நிற்கிறாளோ. ஒரு கேள்வியை மட்டும் அவள் வட்டம் போட்டு விட்டுவைத்திருந்தாள், கடைசியில் பார்க்கலாம் என்று. முப்பத்தொன்பது கேள்வி முடிந்தது. அறுபத்தேழு.

"இது ஒண்ணு பாக்கி இருக்கு சார்," என்றாள். "மத்தவங்களோட பழகுறது வயசுக்கும் இடத்துக்கும் பொருந்தாத மாதிரி இருக்கா? பாப்பா என்கிட்ட கிட்டவே வரல. அதான் எழுதாம வச்சேன்."

அறுபத்தேழும் ஒன்றும் அறுபத்தெட்டு. இரண்டு போட்டால் அறுபத்தொன்பது. மூன்று வேண்டும், அடிக்கடி என்று சொல்லவேண்டும், சொல்லவேண்டியது ஒரு சொல். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். அவரும் திரும்பினார். நப்பின்னை பெஞ்சில் காலை மடக்கி, முகத்தைச் சந்தனமாரியின் வயிற்றில் புதைத்துப் படுத்திருந்தாள், சந்தனமாரி பைலை விசிறியாக்கி அவளுக்கு வீசிக்கொண்டிருந்தாள்.

"அவங்க யாரு சார்? பாப்பாவோட அம்மாவா?"

"இல்ல," என்றார் அம்பலவாணன், கொஞ்சம் வேகமாகவே.

"சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்ல."

"அப்ப, பாப்பாவுக்கு முன்னாலயே பழக்கமா அவங்க?"

பென்சில் அந்த வட்டத்துக்கு மேலே நின்றது. பழக்கம் என்றால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்தது, தெரிந்த ஒருத்தியின் மடியில் தலை வைக்கத் தெரிந்த பிள்ளை, ஒன்று, மிஞ்சினால் இரண்டு, அட்டை இல்லை, மூன்று மணி நேரம், இரண்டு விடை. பழக்கமில்லை என்றால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது, பதினாலு வயதில், ஆஸ்பத்திரி வராந்தாவில், முன்பின் தெரியாத ஒருத்தி மடியில். ஒரு வருஷத்து வியாழக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. பிள்ளைக்காகத்தான் சொல்லப்போகிறேன் என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கடியில் ஒரு தித்திப்பு இருந்தது, அந்தப் பெண்ணை, அந்தப் பச்சைச் சேலையை, அந்த மடியை, ஒரே வரியில் தன் பிள்ளையின் வாழ்க்கையிலிருந்து எழுதி நீக்கிவிட முடியும் என்கிற தித்திப்பு, அது எதற்காக வந்தது, அட்டைக்காகவா, இதற்காகவா, இரண்டில் எது முன்னால் வந்தது என்று பிரித்துப் பார்க்க அவகாசம் இல்லை.

"இல்ல மேடம். இன்னிக்குத்தான் பாக்கா."

"ஓ," என்றாள் அவள். அந்த ஓவில் ஓர் இரக்கம் இருந்தது. "யார்கிட்டயும் இப்படிப் போயிருவாளா?"

"அடிக்கடி," என்றார். ஒரு படி கூட்டினால் தப்பில்லை என்று தோன்றியது. "பெரும்பாலும்."

பென்சில் வட்டத்துக்குள் நாலு என்று எழுதியது. எழுபத்தொன்று. அவள் கூட்டிப் பார்ப்பதற்கு முன்பே அவர் கூட்டியிருந்தார். பாதுகாப்பு பற்றி அவள் ஏதோ சொன்னாள், தெரியாதவர்கள் யார், தெரிந்தவர்கள் யார் என்று படம் வைத்துப் பழக்கவேண்டும், வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், தனிநபர் கல்வித் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். சொல்கிறேன் என்றார். அவள் சொன்னதைத் தாளின் கீழே ஒரு வரியாக எழுதவும் செய்தாள், தலைகீழாக அதைப் படிக்காமலிருக்க அவர் சுவரைப் பார்த்தார். மூன்று நாளில் பள்ளிக்கு நகல் கொடுத்துவிடலாம், பத்தொன்பதாம் தேதி, ஒரு நாள் மிச்சம். நன்றி சொல்லித் தாளை வாங்கினார், அவள் எழுந்து இருபத்து நாலைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்தபோது மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அவர் பதினேழாம் டோக்கன்காரரின் முகத்தைப் பார்த்த மாதிரியே. நப்பின்னை தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பஸ் எண்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தனமாரி அசையாமல் தலையை மட்டும் தூக்கினாள்.

"கிடைச்சிட்டா சார்?"

"கிடைச்சிட்டு. எழுபத்தொண்ணு."

"அப்பாடா," என்றாள். ஒரு கையால் கண்ணைத் துடைத்தாள், அவளுக்கு அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை, புரியாமலிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "நீங்க உள்ள போனதுல இருந்து எனக்கு ஒரே திக்குதிக்குனு இருந்துச்சு. பெருமையா ஏதும் பேசிறக் கூடாதேன்னு. அந்த மேடம் எங்கள எட்டிப் பாத்தாகளே, என்ன கேட்டாக?"

"நீங்க யாருன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னிய?"

நப்பின்னையை அந்த மடியிலிருந்து எழுப்பி அழைத்துப்போனால் பன்னிரண்டே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கலாம். எழுப்புவதற்குத் தொடவேண்டும். அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார், தாளை நாலாக மடித்தார், பத்திரத் தாளை மடிக்கக்கூடாது என்று ஊருக்கே சொல்கிறவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், எழுதிய பக்கம் உள்ளே இருக்கும்படி.

"பிள்ளைக்கு உங்கள ஒரு வருஷமாத் தெரியும்னு சொன்னேன். உங்ககிட்ட மட்டுந்தான் ஒட்டுவான்னு சொன்னேன்."

சந்தனமாரி பைலால் வீசுவதை நிறுத்திவிட்டு, கிளார்க் அறைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்பது அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் தெரிந்தது.

"அதுக்கும் மார்க்கு உண்டுமா சார்?"

"உண்டு. நாலு போட்டாங்க."

"கேட்டியா தாயி," என்று அவள் குனிந்து நப்பின்னையின் காதில் சொன்னாள், "நம்ம ரெண்டு பேருக்கும் நாலு மார்க்காம்."